கீறலுக்கு வண்ணம் பூசியவனுக்கு

சேகர்,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்வதற்காக நான் எழுதவில்லை. நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் நீ பேசி அனுப்பினாயே, "எங்கம்மாதான் என் பொண்ணக் கெடுத்து வெச்சிருக்காங்க, இனிமே அவங்ககிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்ல" என்று, அதை மேனாம்பேட்டில் என் பக்கத்து வீட்டுக்காரி வரைக்கும் கேட்டுவிட்டு வந்து என்னிடம் துக்கம் விசாரித்தாள். ஊர் கேட்க நீ பேசினாய். ஊர் படிக்க நான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அதே குழுவில் போடச் சொல்லப்போகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும். சொல்ல வந்தது கோணலாக இருக்காது.

முதலில் உன் கேள்விக்குப் பதில். ஞாயிற்றுக்கிழமை நசரத்பேட்டையில் உன் ஃபிளாட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் கயலை அனுப்பி வை என்று உத்தரவு போட்டிருக்கிறாய். அனுப்ப மாட்டேன். அதே ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் டிராக்கில் உன் மகள் முதல்முறையாகப் போட்டியில் வண்டி ஓட்டுகிறாள். அந்தத் தேதி உனக்குத் தெரியும். தெரிந்துதான் அவர்களை அன்றைக்கு வரச்சொன்னாய். அதைச் செய்துவிட்டு என்னைக் கெடுத்தவள் என்கிறாயே, உனக்கு வாய் கூசவில்லையா?

இந்தக் கதையை நீ சொந்தக்காரர்களிடம் பாதியிலிருந்து சொல்லியிருக்கிறாய். "வீட்ல இருந்த பொம்மை வண்டிய எடுத்துக் கெடுத்துட்டா, கேட்டா ரேஸுக்குப் போறேன்னு குதிக்கிறா" என்று. நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், கேட்டுக்கொள்ளட்டும். அந்தப் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடிக்கவைத்தது நானா? ஞாயிற்றுக்கிழமை வந்தால் பால்கனியில் செய்தித்தாளை விரித்து, பெட்டியைப் பிரித்து, சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்காருவது நீ. நான் அங்கே வரும்போதெல்லாம் கிண்டல் செய்வேன். "இன்னாடா இது, ஓடாத வண்டிக்கு இம்மா சோக்கு?" என்பேன். "ம்மா, சும்மா பொம்மை இல்லம்மா. வெளிநாட்டுல ஓடுற நிஜ ரேஸ் வண்டி, அதுல பன்னண்டுல ஒரு பங்கு. செயின், பிரேக்கு, வயரு எல்லாம் அப்டியே இருக்கும்" என்று எனக்கு வகுப்பு எடுப்பாய். உன் மகள் அப்போது இரண்டாவதோ மூன்றாவதோ படித்தாள். உன் முட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாளால் ஓரம் தேய்ப்பாள். தண்ணீரில் ஊறவைத்த ஸ்டிக்கரைத் தூரிகை நுனியால் நகர்த்தி டேங்க்கின் மேல் உட்காரவைப்பாள். மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்ததும் நீதான். முதன்முதலில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது அந்தச் சிவப்பு வண்டி. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்த அன்றைக்கு, வீட்டுக்கு வந்த காஸ்காரனைக்கூட விடாமல் கூப்பிட்டு, "என் பொண்ணு செஞ்சது" என்று காட்டினாய். அன்றைக்கு எனக்கு உன்னைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அந்தப் பெண் வளர்ந்தாள். மெக்கானிக்கல் படித்தாள், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். குமணன்சாவடியில் தேவா என்று ஒருத்தன் ரேஸ் வண்டி தயார் பண்ணும் ஷெட் வைத்திருக்கிறான், அங்கே லீவு நாளில் போய் நிற்க ஆரம்பித்தாள். சாதாரணமாக ரோட்டில் ஓடுகிற வண்டிதான், அதில் முன்விளக்கு, கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாம் கழற்றிவிட்டு, கால் வைக்கிற இடத்தைப் பின்னால் தள்ளி, ரேஸுக்கு மாற்றுவார்கள். அப்படி ஒரு வண்டியை அவளும் தேவாவும் சேர்ந்து மாற்றினார்கள். மிச்சம் கிடந்த ஆட்டோ மஞ்சள் பெயிண்ட்டை அடித்தார்கள். ஓட்டப் போவது அவள்தான் என்பதை உன்னிடம் சொல்ல அவள் முயற்சி பண்ணவில்லை என்றா நினைக்கிறாய்? சாப்பிடும்போது ஆரம்பித்தாள். நீ சிரித்தாய். "ஸ்கூட்டில யூ டர்ன் எடுக்கவே இவளுக்கு ரெண்டு கால் ஊனணும்" என்று உன் மனைவி உமாவைப் பார்த்துச் சிரித்தாய். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

எனக்குத் தெரியும். ஆமாம், முதலிலிருந்தே தெரியும். ஊர் முன்னால் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். அந்த ஷெட்டுக்கு நானும் போயிருக்கிறேன். வாசலில் நின்ற ஒரு பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, பேத்தி வண்டி வுடறத பாக்க வந்துகினியா, இல்ல நீயும் ஒரு ரவுண்டு வுடப்போறியா?" என்றான். "அவ வண்டிய வுடட்டும், நீ வாய வுடாத. அந்த ஸ்டூல இப்டி தள்ளு" என்றேன். தேவா ஓடிவந்து, "டேய், பெரிம்மாகிட்ட வெச்சுக்காதடா, நம்மள பிரிச்சு பார்ட் பார்ட்டா வித்துட்டு பூடும்" என்றான். அங்கே நான் பார்த்தது இதுதான்: என் பேத்தி தரையில் உட்கார்ந்து செயினுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்த ஆண்பிள்ளைகள் அவளிடம் "கயலு, இந்த பிரேக்கு சரியா கீதா பாரு" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனார்கள். உன் வீட்டில் அவளிடம் அப்படி யாரும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. காபியில் சர்க்கரை போதுமா என்றுதான் கேட்கிறீர்கள்.

பயிற்சியில் அவள் விழுந்தாள். வளைவில் சாய்த்தபோது பின்சக்கரம் வழுக்கி, வண்டி வலது பக்கமாகத் தரையைத் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறது. தோல் உடுப்பு போட்டிருந்ததால் எலும்பு தப்பியது. தோளில் ரத்தம் கட்டியிருந்தது. உன் வீட்டுக்கு வராமல் என் வீட்டுக்கு வந்தாள். ஒத்தடம் கொடுத்தேன். "பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன். "விழும்போது இல்ல ஆயா. திரும்ப ஏறும்போதுதான் இருந்துச்சு. ஆனா ஏறிட்டேன். அன்னிக்கே இன்னும் நாலு சுத்து போனேன்" என்றாள். "உங்கப்பன்கிட்ட சொல்லுடி" என்றேன். "வாயால சொன்னா சிரிப்பாரு. அவருக்குப் புரியிற மாதிரி சொல்றேன்" என்றாள். அப்போது அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு அந்தச் சிவப்பு வண்டியை உன்னிடமே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். ஒட்டு விட்டுப்போயிருக்கிறது, சரி பண்ணித் தருகிறேன் என்று. நீயும் கொடுத்தாய். என் வீட்டு ஹாலில் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தாள். என் பருப்பு டப்பாவில் பிரேக் ஆயிலை ஊற்றி, புளி ஊறப்போடுகிற மாதிரி அந்தத் துண்டுகளை ஊறப்போட்டாள். பழைய பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்தபோது சிவப்பு எல்லாம் கூழாக உரிந்து வந்தது. "போச்சுடி, உங்கப்பன் என்ன உயிரோட வுடமாட்டான்" என்றேன். அவள் காதில் விழவில்லை. வெளிநாட்டு வண்டிக்கு இருந்த நான்கு புகைக்குழாயையும் அறுத்துவிட்டு, பேனா ரீஃபிலைச் சூட்டில் வளைத்து ஒரே ஒரு குழாய் வைத்தாள். என் தலையில் இருந்த ஹேர்பின்னை உருவி ஹேண்டில்பார் செய்தாள். தண்ணீர் பாட்டிலை வெட்டி முன்கண்ணாடி ஆக்கினாள். கால் வைக்கிற கம்பியைப் பின்னால் தள்ளி ஒட்டினாள். அப்புறம் அந்த ஆட்டோ மஞ்சள். மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே. முன்னால் அவள் நம்பர் பதினாலு, டேங்க்கில் பொடி எழுத்தில் அவள் பெயர். முடிந்தபோது கோயில் தேர் மாதிரி நின்றது.

முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது அவள் உப்புத்தாளை எடுத்தாள். வலது பக்கம் முழுக்கத் தேய்த்தாள். ஊசியால் கீறினாள். கால் கம்பியை உள்பக்கமாக வளைத்தாள். நான் கத்தினேன். "அடியே, பேய் புடிச்சிச்சா? இம்மா நாள் பூசிட்டு இன்னா காரியம் பண்ற?" நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "என் வண்டில இது கீது ஆயா. இத போடலன்னா அது என் வண்டி இல்ல." அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. போட்டோவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கீறலாகப் போட்டுக்கொண்டிருந்தாள். விழுந்தேன், எழுந்தேன், மறுபடியும் ஏறினேன் என்று தகப்பனுக்குச் சொல்ல அவளுக்குக் கிடைத்த வழி அதுதான்.

ஆயுத பூஜைக்கு அதை உன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தோம். உன் லேப்டாப், உன் தூரிகைகள், உமாவின் மிக்ஸி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் நடுவில் கயல் தன் கையால் அதை வைத்தாள். நான் சந்தனம் குங்குமம் வைத்தேன். நீ பார்த்தாய். "அட, நம்ம செவப்பு வண்டியா இது? கலக்கிட்டியே! பேரு கூடப் போட்டுக்கிட்டியா?" என்று சிரித்தாய். அவள் காத்துக்கொண்டு நின்றாள். வலது பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாய், ஏன் இப்படி என்று கேட்பாய் என்று நின்றாள். நீ திருப்பிப் பார்த்தாய். "பெயிண்ட் உரிஞ்சிருக்கே, பத்திரமா எடுத்துட்டு வரக் கூடாதா?" என்றாய். அதற்குள் உமா கூப்பிட்டாள் என்று பக்கத்து வீடுகளுக்குப் பொரியும் சுண்டலும் கொடுக்க கயல் கிளம்பிப் போனாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை கற்பூரம் காட்டுகிற வரைக்கும் தொடக்கூடாது. எஸ்டேட்டில் லேத்து ஓட்டின உன் அப்பா அன்றைக்கு ஒரு ஸ்பேனரைக்கூட நகர்த்த மாட்டார். நீ இலையிலிருந்து எழுந்து கை கழுவினதும் நேராகப் போய் அந்த வண்டியை எடுத்தாய், உன் தூரிகையையும் எடுத்தாய். "டேய், பூஜைல வெச்சதுடா. தொடாத" என்றேன். "ரெண்டு நிமிஷம்மா. இப்டி இருந்தா எனக்குத் தூக்கம் வராது" என்றாய். மஞ்சளில் ஒரு துளி ஆரஞ்சைக் கலந்து, பழுப்பைக் கலந்து, அவள் அடித்த நிறத்தை அப்படியே கொண்டுவந்தாய். கீறல் கீறலாக நிரப்பினாய். துணியால் பளபளவென்று தேய்த்தாய். வளைந்த கம்பியை இடுக்கியால் நிமிர்த்தினாய். வாய்க்குள் பாட்டு வேறு. இப்போது என்னைக் கேட்கிறாய், அப்போதே விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று. அது அவள் சொல்ல வேண்டியது. நான் "தொடாதே" என்றேன். தாய் சொன்ன ஒரு வார்த்தைக்குக் கையை எடுக்கிறவனாக இருந்தால் மகள் சொல்லாததும் உனக்குப் புரிந்திருக்கும்.

அவள் உள்ளே வந்தாள். "வா கயல், இந்தப் பக்கம் பாரு. எங்க கீறல் இருந்துச்சுன்னு கண்டுபுடி பாக்கலாம்" என்று அதை அவள் கையில் வைத்தாய். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு அந்த முகம் மறக்காது. "அது நான் விழுந்ததுப்பா" என்றாள். உனக்கு முதலில் புரியவில்லை. "எங்க விழுந்த?" என்றாய். "டிராக்ல. நான் ரேஸ் ஓட்டப்போறேன்" என்று எல்லாவற்றையும் அங்கேயே சொன்னாள், தேதி உள்பட. அப்புறம் நீ பேசியதை எல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் எழுதுகிறேன், அதை நீ குழுவில் சொல்ல மறந்துவிட்டாய். "பொம்பளப் புள்ளைக்கு பொம்மை வண்டி செஞ்சதோட போதும்." உமா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "இன்னிக்கு வேணாங்க, நல்ல நாளு" என்றாள். அவளிடமும் கத்தினாய். கயல் அந்த வண்டியைக் கண்ணாடி அலமாரியில் அதன் இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள்.

போதும். அந்த வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். ஐந்தாவது முடித்து, ஆறாவதுக்குப் போகப் பாவாடை துவைத்துக் காயப்போட்டிருந்தபோது எங்கப்பன் சொன்னது. "பொட்டப் புள்ளைக்கு இம்மாம் படிச்சதே போதும்." அவர் கூலி வேலைக்குப் போனவர், கைநாட்டு, அவருக்கு வேறு தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உனக்கு என்ன சமாதானம் சொல்ல? நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெள்ளைக்காரனுக்குப் பாடம் சொல்கிறவன். உன் வாயிலும் அதே வார்த்தைதான் வருகிறது என்றால் உன்னைப் படிக்கவைத்தது எதற்கு?

நீயே விழுந்தவன்தானே. காலேஜ் போகும்போது பழைய வண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பூந்தமல்லி ரோட்டில் தண்ணி லாரியை முந்துகிறேன் என்று போய்ச் சறுக்கி விழுந்து, முட்டியில் தையல் போட்டுக்கொண்டு வந்தாய். தெருவே கூடி, "இனிமே வண்டிய அவன் கண்ணுல காட்டாதீங்க" என்றது. உன் அப்பா கோணிப்போன ஹேண்டிலை நிமிர்த்தி, சாவியை உன் தலைமாட்டில் வைத்தார். "காலு ஆறட்டும், அப்பால ஓட்டு" என்றார். உன் முட்டித் தழும்பை நீ உன் நண்பர்களுக்கு எத்தனை தரம் பேன்ட்டைச் சுருட்டிக் காட்டியிருக்கிறாய்! ஆணுக்கு அது வீரம். உன் மகளுக்கு வந்தால் அது பெயிண்ட் போட்டு மறைக்கிற குறை. அப்படித்தானே?

உனக்குப் பயம் என்று உமா போனில் சொன்னாள். இருக்கட்டும். எனக்கு மட்டும் பயம் இல்லையா? அவள் ஷெட்டுக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் என் பயத்துக்காக அவளை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை. உனக்கும் இல்லை. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லு. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு மாப்பிள்ளையைத் தேடிப்பிடித்து அவன் தலையில் கட்டப் பார்க்காதே. அந்தப் பையன் உன்னை என்ன செய்தான்?

இந்த மாதிரிக் கடிதம் எழுதுகிற தாய்மார்கள் கடைசியில், "எல்லாம் என் வளர்ப்பு, என்மேல்தான் தப்பு" என்று மூக்கைச் சிந்துவார்கள். நான் சிந்த மாட்டேன். உன்னை நான் சரியாகத்தான் வளர்த்தேன். வளர்ந்த பிறகு நீயாகக் கெட்டுப்போனாய். ஐம்பது வயதில் அதை நீதான் சரி பண்ணிக்கொள்ள வேண்டும், நான் வந்து தேய்த்துவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தால் கேசரி கிண்டிக் கொடு. பெண் எங்கே என்று கேட்பார்கள். ரேஸுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லு. அதைச் சொல்ல உனக்கு நாக்கு வராது என்றால் அவர்களை வரவேண்டாம் என்று இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடு. எனக்கு எதுவானாலும் ஒன்றுதான். தேவாவின் வேன் காலையில் மேனாம்பேட்டுக்கு வருகிறது. முன்சீட் எனக்கு. அந்த வாய்த்துடுக்குப் பையன்கூட, "ஆயா, உனக்கு ஒரு குடை எடுத்து வெச்சுகிறேன், வெயில்ல மண்டையப் போட்டுறாத, அப்பால யாரு எங்கள திட்றது?" என்று சொல்லியிருக்கிறான். யாரோ பெற்ற பிள்ளைக்கு அவ்வளவு தோன்றுகிறது.

நேற்று சாயந்திரம் கயல் தன் கையுறையைத் தைத்துக்கொண்டிருந்தாள். உன்னைப் பற்றிப் பேச்சே எடுக்காதவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆயா, அப்பா வருவாரா?" என்று கேட்டாள்.

வரமாட்டான் என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி நான் சொன்னது இதுவரைக்கும் தப்பினதில்லை.

உன் அம்மா